எம்.ஏ.2.எஸ்.5: நான் வாசிக்காமல் விட்ட தகடு

2022 ஆனி மாதம் 8,900 பவுண் கொடுத்து ஒரு மொறிஸ் மைனர் வாங்கினேன். 1967ஆம் ஆண்டுக் கார். கரும்பச்சை நிறம், கறுப்புத் துணிக் கூரை, பழுப்புச் சீற். இன்றும் அது என்னிடம்தான் நிற்கிறது. ஆனால் நான் வாங்கியதாக நினைத்த கார் அது அல்ல. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் போனது. பயமில்லாமல் பிள்ளைகளை ஏற்றக்கூடிய காராக அதை ஆக்க இன்னும் பதினொரு மாதமும், வாங்கிய விலைக்கு மேல் நாலாயிரத்துச் சொச்சம் பவுணும் போனது. மனைவியிடம் முழுக் கணக்கையும் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. ஏமாந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் பலரிடம் கேட்கவில்லை. நான் தனியே அலைந்து கற்றுக்கொண்டதை, கூரை திறக்கிற பழைய கார் ஒன்றில் ஆசை வைத்திருக்கிற இன்னொருவர் காசு கொடுக்க முதல் வாசிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பா யாழ்ப்பாணத்தில் ஹயர் ஓடினவர். சுன்னாகம் சந்தியில் நின்ற மைனர்களில் ஒன்று அவருடையது. நாலு கதவுச் சலூன், ஸ்ரீ நம்பர். தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் அதை மண்ணெண்ணெயில் ஓடினார். கார்புரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அந்தப் புகை மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. 95 இடப்பெயர்வில் சாவகச்சேரி வரை எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கார்தான். பிறகு அது எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கோண்டாவிலில் ஒரு டொக்ரர் கூரை மடிக்கிற மைனர் வைத்திருந்ததாக அப்பா அடிக்கடி சொல்லுவார். "அதிலை ஒருக்கா ஓடிப் பாக்க வேணுமெண்டு ஆசை, தம்பி" என்பார். அவர் 2020இல் போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து நான் விளம்பரங்களில் தேடியது அந்தக் காரைத்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஆசைதான் என் கண்ணை மறைத்தது. அதோடு, சின்ன வயதில் மைனரின் மடியில் வளர்ந்தவன், எனக்கு இந்தக் காரைத் தெரியும் என்ற எண்ணமும் இருந்தது. எனக்குத் தெரிந்தது சலூன். திறந்த கூரை மைனரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

கொஞ்சம் விவரம் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் வெளிவந்தது. ஒக்ஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் கவுளித் தொழிற்சாலையில் அடித்தார்கள். பதினாறு லட்சத்துக்குக் கிட்ட ஓடிய இந்தக் குடும்பத்தில் சலூன், மரச்சட்டம் வைத்த ட்ரவலர், வான், பிக்கப் எல்லாம் உண்டு. துணிக் கூரைக் காரை அவர்கள் தொடக்கத்தில் ரூரர் என்றும் பிறகு கொன்வேர்ட்டிபிள் என்றும் அழைத்தார்கள். தொழிற்சாலையிலிருந்தே துணிக் கூரையோடு வந்ததை நான் இங்கே ரூரர் என்று சொல்கிறேன். அது தொடக்கத்திலிருந்தே இருந்தது, 1969இல் நிறுத்தினார்கள். மொத்தம் 75 ஆயிரத்தை ஒட்டித்தான் செய்தார்கள். குறைவாகச் செய்ததும் இன்றைக்கு எல்லாரும் விரும்புவதும் அதுதான் என்பதால் விலையும் கூட. இரண்டு கதவுச் சலூன் ஒன்றை எடுத்துக் கூரையை வெட்டித் துணி போட்டால் தூரத்தில் பார்க்க அதே ரூரர்தான். இங்கிலாந்தில் இது பல பத்தாண்டுகளாக நடக்கிற வேலை. அதற்கென்று உதிரித் தொகுதிகளும் விற்கப்பட்டன. ஒழுங்காகச் செய்து, வெட்டினது என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் அதில் ஒரு குற்றமும் இல்லை. எத்தனையோ துருப்பிடித்த சலூன்கள் அப்படித்தான் உயிர் தப்பின.

பிரச்சினை உடம்பில் இருக்கிறது. மைனருக்குத் தனியான அடிச்சட்டம் (செசி) கிடையாது. உடம்புதான் சட்டம். மூடியோடு இருக்கிற பிஸ்கற் ரின் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், அசையாது. மூடியைக் கழற்றிவிட்டு முறுக்குங்கள், வளையும். கூரை என்பது அந்த மூடி. தொழிற்சாலையில் ரூரர் செய்தபோது மூடி இல்லாததை ஈடுசெய்ய வேறு இடங்களில் இரும்பைக் கூட்டினார்கள். டாஷ்போர்டின் இரு முனையிலும், கதவின் கீல் பூட்டியிருக்கிற முன் தூணோடு சேர்த்து முக்கோணத் தகடுகள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற, சில் (sill) என்கிற இரும்புப் பகுதியின் உள்ளே கூடுதல் தகடு. கதவு பூட்டுகிற நடுத் தூணின் அடியிலும் பின்பக்கமும் முண்டு. வீட்டு முற்றத்தில் கூரை வெட்டுகிறவர் எல்லாரும் இதைச் செய்வதில்லை. செய்யாவிட்டால் கார் அன்றைக்கே இரண்டாக மடியாது. மெல்ல மெல்ல நடுவில் தொய்யும்.

இனி நான் வாங்கின கதை. விளம்பரத்தில் "1967 மொறிஸ் மைனர் 1000 கொன்வேர்ட்டிபிள், மேம்படுத்தப்பட்டது" என்று இருந்தது. 1275 சிசி எஞ்சின், முன்னுக்கு டிஸ்க் பிறேக், புதுத் துணி, புதுப் பெயின்ற். விற்றவர் லண்டனுக்கு வெளியே ஒரு கிராமத்தில் இருந்த தனி ஆள், வியாபாரி அல்ல. நான் சனிக்கிழமை காலை ரயிலில் போனேன். ரயிலில் போனதே பிழை. திரும்பி வரும்போது அந்தக் காரில்தான் வருவேன் என்று மனதுக்குள் முடிவு எடுத்துவிட்டுப் போயிருக்கிறேன். நல்ல வெயில். கார் முற்றத்தில் கூரை திறந்தபடி, கதவு திறந்தபடி, எஞ்சின் சூடாக நின்றது. அந்த மூன்றையும் நான் வரவேற்பு என்று எடுத்துக்கொண்டேன். இன்றைக்குத் தெரியும்: கூரை திறந்திருந்தால் துணி முன் கண்ணாடிச் சட்டத்தோடு ஒழுங்காகப் பொருந்துகிறதா என்று தெரியாது. கதவு திறந்திருந்தால் இடைவெளி தெரியாது. எஞ்சின் சூடாக இருந்தால் குளிரில் ஸ்ரார்ட் ஆகிறதா என்று தெரியாது. அவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் போகும்போது கூரை மூடி, கதவு மூடி, எஞ்சின் தொடாமல் வைத்திருங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. போனற்றைத் திறந்து எஞ்சினைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அதற்குப் பின்னால், எஞ்சின் அறைக்கும் காருக்குள்ளும் நடுவில் இருக்கிற தடுப்புத் தகட்டில் ஒரு சின்ன அடையாளத் தகடு இருந்தது. அதைப் படமும் எடுத்தேன். அதிலுள்ள எண்ணைப் பதிவுப் புத்தகமான வி5சியோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்று. அவ்வளவுதான், திருப்தி. எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தேனே தவிர, அந்த எழுத்துகள் என்ன சொல்கின்றன என்று யோசிக்கவில்லை. வி5சியில் உடம்பு வகை என்ற இடத்தில் கொன்வேர்ட்டிபிள் என்று இருந்தது. அரசாங்கக் கடதாசியே சொல்லும்போது நான் யார் சந்தேகப்பட என்று இருந்துவிட்டேன். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வி5சி என்பது காரைப் பொறுப்பில் வைத்திருக்கிறவர் வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.க்குச் சொன்ன விவரம். கூரையை வெட்டினவர் உடம்பு வகை மாறிவிட்டது என்று அறிவித்தால் புத்தகத்திலும் மாறும். அப்படி அறிவிப்பது நேர்மையான செயல்தான். ஆகவே அந்தச் சொல் கார் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லாது.

கார் லண்டன் வந்து சேர்ந்த முதல் மாதம் சந்தோஷம் மட்டும்தான். மகளும் மகனும் பின்னுக்கு ஏறி, ஹரோவில் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் கை காட்டினார்கள். ஆனால் றோட்டில் சின்னப் பள்ளம் வந்தாலும் முன் கண்ணாடிச் சட்டம் ஆடும். ஸ்ரியரிங் கையில் நடுங்கும். பழைய கார், கூரை இல்லாத கார், இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு இடது கதவு சில நாட்களில் இலகுவாகப் பூட்டும், சில நாட்களில் தூக்கிப் பூட்ட வேண்டும். ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்சீற்றில் இரண்டு பேர், முன்னுக்கு மகன். வேகத்தடை ஒன்றில் மெதுவாகத்தான் ஏறி இறங்கினேன். இறங்கும்போது மகன் பக்கத்துக் கதவு தானாகத் திறந்தது. அவன் பெல்ற் போட்டிருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. அப்பாவின் நினைவாக வாங்கின காரில் என் பிள்ளையை நான் எதில் இருத்தியிருக்கிறேன் என்ற கேள்வி நெஞ்சை அமுக்கியது.

அடுத்த கிழமை, ஒரு காலத்தில் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் கராஜில் வேலை செய்த அண்ணை ஒருவரைக் கூப்பிட்டேன். எண்பதுகளில் இங்கே வந்து பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் எஞ்சினைத் திரும்பியும் பார்க்கவில்லை. கதவைப் பூட்டச் சொன்னார். கதவுக்கும் பின் உடம்புக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலிருந்து கீழே விரலால் தடவினார். மேலே இரண்டு காசு போகும் அளவுக்கு ஒடுங்கி, கீழே சின்ன விரல் நுழைகிற அளவுக்கு அகன்று இருந்தது. பிறகு ஜாக்கை எடுத்து, முன் தரைக்குக் கீழே குறுக்குச் சட்டத்தின் முனையில் ஜாக் வைக்கிற இடத்தில் வைத்து, அந்தப் பக்க ரயர்கள் நிலத்தை விட்டுக் கிளம்பும் வரை தூக்கினார். "இப்ப கதவைத் திறந்து பூட்டும் பாப்பம்" என்றார். திறந்தது, பூட்டவில்லை. கீழே இறக்கினார், பூட்டியது. "தம்பி, உது கூரை வெட்டின காரெல்லோ. வெட்டினவன் கீழை ஒண்டும் வைக்கேல்லை" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடிப்பம் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

இந்த ஒரு சோதனைக்குப் பத்து நிமிடம் போதும், ஒரு ஜாக் போதும். விற்கிறவர் மறுத்தால் அதுவே பதில். உறுதியான உடம்பென்றால் ஒரு பக்கத்தைத் தூக்கினாலும் கதவு முன்போலவே திறந்து பூட்ட வேண்டும். இடைவெளி கொஞ்சம் அசையலாம், கதவு பிடிக்கக் கூடாது. அசல் ரூரராக இருந்தாலும் சில் துருப்பிடித்துப் போயிருந்தால் இதே சோதனையில் தோற்கும். ஆகவே இது அசலா போலியா என்று மட்டும் சொல்வதில்லை, ஏறலாமா கூடாதா என்றும் சொல்கிறது. எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரியது.

முழு உறுதிக்காக மைனர் மட்டுமே திருத்துகிற கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். பரிசோதனைக்கு 120 பவுண். அங்கிருந்த வயதான வெள்ளைக்காரர் போனற்றைத் திறந்தார், தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தகட்டில் இருந்தது எம்.ஏ.2.எஸ்.5.டி. என்று தொடங்கும் எண். முதல் எழுத்து மொறிஸ். இரண்டாவது ஏ சீரிஸ் எஞ்சின். அடுத்து வருகிற 2.எஸ். என்பது இரண்டு கதவுச் சலூன். 5 என்பது 1098 சிசி காலத்து ஐந்தாவது சீரிஸ். கடைசி டி என்பது டிலக்ஸ். நாலு கதவு என்றால் அந்த இடத்தில் 4.எஸ். இருக்கும், ட்ரவலர் என்றால் டபிள்யூ. கவுளியிலிருந்தே துணிக் கூரையோடு வந்த கார் என்றால் எம்.ஏ.ரி. என்று இருக்க வேண்டும். ஐம்பதுகளின் கார்களில் முறை வேறு: எஃப் என்று தொடங்கும், இரண்டாவது எழுத்து உடம்பைச் சொல்லும், அது சி என்றால் திறந்த கூரை, பி என்றால் இரண்டு கதவுச் சலூன். என் போனில் அந்தத் தகட்டின் படம் மூன்று மாதமாக இருந்தது. ஒரு எழுத்தை வாசிக்கத் தெரிந்திருந்தால் ரயிலிலேயே திரும்பி வந்திருப்பேன். அந்த இடத்தில் எனக்கு விற்றவர் மேல் வந்த கோபத்தை விட என் மேல் வந்த கோபம் பெரிது.

தகடு எம்.ஏ.ரி. என்று இருந்தாலும் அதோடு நிற்க வேண்டாம் என்று அந்தக் கராஜ்காரரே சொன்னார். தகடு என்பது கழற்றிப் பூட்டக்கூடிய சாமான். உக்கிப்போன ரூரர் ஒன்றின் தகட்டையும் புத்தகத்தையும் எடுத்து வெட்டின சலூனில் பூட்டுகிறவர்களும் உண்டாம். அதனால் தகட்டைப் பிடித்திருக்கிற ஆணி, சுற்றியுள்ள பெயின்ற், இரண்டையும் ரோச் அடித்துப் பார்க்க வேண்டும். ஐம்பத்தைந்து வருடத் தகட்டில் நேற்று அடித்த ஆணி மின்னினால் கேள்வி கேளுங்கள். பிறகு இரும்பைப் பாருங்கள். அவர் என்னை டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுக்க வைத்தார். இரு மூலையிலும் முக்கோணத் தகடு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. முன் கண்ணாடிக்கு மேலுள்ள சட்டத்தின் ரப்பரை விலக்கிக் காட்டினார். சலூன் கூரையை வெட்டி உள்ளுக்கு மடித்து, ஓரம் ஓரமாக வெல்டிங் பிடித்து, மேலே புட்டி பூசியிருந்தார்கள். பின்பக்கம் துணி பூட்டுகிற விளிம்பிலும் அதே கதை. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓட்டினால் புட்டி உள்ள இடத்தில் பிடிக்காது. எனக்குச் செலவு இரண்டு பவுண் காந்தம்.

கதவுக்குக் கீழுள்ள அந்தச் சில்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்க்க என் காரின் சில் புதிதுபோல் இருந்தது. உள்ளே பழைய உக்கல் அப்படியே இருக்க, மேலே புதுத் தகட்டை மூடி வெல்டிங் பிடித்திருந்தார்கள். கார்பெற்றைத் தூக்கி உள்பக்கத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் தூக்கவில்லை. புதுக் கார்பெற்றை ஒட்டியிருந்தார்கள், அதைப் பிய்க்க எனக்கு மரியாதை இடம் கொடுக்கவில்லை. எட்டாயிரத்துத் தொளாயிரம் பவுண் கேட்கிறவரிடம் கார்பெற்றைத் தூக்கட்டுமா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அதோடு கீழே படுத்துப் பார்க்க வேண்டிய வேறு இடங்கள்: முன் குறுக்குச் சட்டத்தின் இரு முனை, பின் ஸ்பிரிங் தொங்குகிற இடம், முன்னுக்கு எஞ்சினைத் தாங்குகிற இரண்டு கால். இவை எல்லா மைனருக்கும் பொது. முன் சக்கரத்தைத் தாங்குகிற ட்ரனியனுக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காவிட்டால் அதன் புரி தேய்ந்து ஒருநாள் சக்கரம் மடிந்து விழும் என்பது அப்பாவிடமிருந்தே எனக்குத் தெரியும். அதை மட்டும் நான் அன்றைக்கு மறக்காமல் பார்த்தேன். அது நன்றாக இருந்தது.

மேம்படுத்தல்களைப் பற்றி நான் மாறுபட்ட கருத்து வைத்திருக்கிறேன். அசல், அசல் என்று எஞ்சின் மாற்றினதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. என் காரில் 1098க்குப் பதில் 1275 பூட்டியிருந்தது. அதுவும் ஏ சீரிஸ்தான், அதே குடும்பம். லண்டன் வாகன நெரிசலிலும் மோட்டர்வேயிலும் அது தேவைப்படுகிறது. முன் டிஸ்க் பிறேக்கும் அப்படியே. பழைய ட்ரம்மில் அப்பா ஓடின றோட்டு வேறு, நான் ஓடுகிற றோட்டு வேறு. பூட்டின சாமானைக் கழற்றலாம், பழையதைத் திரும்பப் பூட்டலாம். வெட்டின கூரையை ஒட்ட முடியாது. ஆகவே மாற்றங்களை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: போல்ற் கழற்றித் திருப்பக்கூடியது, வெட்டி வெல்டிங் பிடித்தது. முதலாவதுக்கு ரசீதும், எஞ்சின் எண் வி5சியில் மாற்றியிருக்கிறதா என்பதும் போதும். இரண்டாவதுக்கு வேலை நடந்தபோது எடுத்த படம் வேண்டும். கூரையை ஒழுங்காக வெட்டினவர் எவரும் அந்தப் படங்களை எறிந்திருக்க மாட்டார். அது அவருடைய பெருமை. படம் இல்லை, முந்தின சொந்தக்காரர் செய்தார், எனக்குத் தெரியாது என்ற பதில் வந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

காசைத் திரும்ப எடுக்கப் பார்த்தேன். விற்றவருக்கு எழுதினேன். நான் ரூரர் என்று சொல்லவில்லையே, கொன்வேர்ட்டிபிள் என்றுதானே எழுதினேன், கூரை திறக்கிறதுதானே என்று பதில் வந்தது. 240 பவுண் கொடுத்து ஒரு சட்டத்தரணியிடம் போனேன். வியாபாரியிடம் வாங்கியிருந்தால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் முதல் முப்பது நாளுக்குள் பிழையான பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். தனி ஆளிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். விளம்பரத்தில் இருந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. மேம்படுத்தப்பட்டது என்பதும் உண்மை. நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், அதுவும் வாயால் அல்ல, எழுத்தில்: இந்தக் கார் தொழிற்சாலையில் திறந்த கூரையோடு கட்டப்பட்டதா? ஆம் என்று பதில் வந்திருந்தால் என் கையில் ஆதாரம் இருந்திருக்கும். இல்லை என்று வந்திருந்தால் விலை குறைந்திருக்கும். பதிலே வராவிட்டால் நான் ரயில் ஏறியிருக்க மாட்டேன்.

இன்னும் ஒரு இடத்தில் இலவசமாகவே தெரிந்துகொண்டிருக்கலாம். அரசாங்க இணையத்தில் கார் இலக்கத்தைக் கொடுத்தால் வருகிற, எம்.ஓ.ரி. என்கிற வருடாந்தப் பரிசோதனையின் வரலாறு. 2018 வைகாசியிலிருந்து நாற்பது வயதைக் கடந்த கார்களுக்கு வருடாந்தப் பரிசோதனை கட்டாயம் இல்லை. என் காருக்குக் கடைசியாகச் செய்தது 2016இல். அதில் சில் உக்கல் என்று கவனக்குறிப்பு தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு ஆறு வருடம் எவரும் அதற்குக் கீழே போய்ப் பார்க்கவில்லை. கட்டாயம் இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம், கூடியது 54 பவுண் 85 பென்ஸ். வாங்க முதல் அதைச் செய்துதரச் சொல்லுங்கள், காசை நீங்களே கொடுங்கள். அதோடு, உடம்பில் பெரிய மாற்றம் செய்த காருக்கு அந்த விலக்கே பொருந்தாமல் போகலாம். எஞ்சின் அதே குடும்பத்தில் பெரிதாக்கியது அப்படிப்பட்ட மாற்றமாக எடுக்கப்படுவதில்லை, உடம்பை வெட்டினது வேறு. நான் இப்போது ஒவ்வொரு வருடமும் பரிசோதனை செய்கிறேன். இன்சூரன்சும் அப்படித்தான். நான் ஒன்றும் சொல்லாமல் அசல் ரூரர் என்று பதிந்திருந்தேன். விபத்து நடந்திருந்தால் காசு கிடைக்காமல் போயிருக்கலாம். உண்மையைச் சொன்னபோது அவர்கள் ஏற்கவில்லை, மாற்றம் செய்த பழைய கார்களை எடுக்கிற இன்னொரு இடத்துக்குப் போக வேண்டி வந்தது. அங்கே மதிப்பிட்ட விலை 5,000.

திருத்த 3,850 பவுண் முடிந்தது. இரண்டு பக்க சில்லும் வெட்டி எடுத்து, உள்ளே கூடுதல் தகடு வைத்து, டாஷ் மூலைகளுக்கும் நடுத் தூணுக்கும் முண்டு கொடுத்து, குறுக்குச் சட்ட முனைகளையும் மாற்றினார்கள். வெல்டிங் பிடிக்கும்போது கதவை மாட்டியபடி, உடம்பை மட்டமாகத் தாங்கி நிறுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொய்ந்த வடிவத்திலேயே இறுகிவிடும் என்று தகட்டை வாசித்துச் சொன்ன அந்தக் கராஜ்காரர் ஒவ்வொரு கட்டத்திலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மைனருக்கான உடம்புத் தகடுகளைத் தொண்ணூறுகளிலிருந்து இலங்கையிலும் அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார். அப்பா மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்த அதே வருடங்கள். பரிசோதனை, சட்டத்தரணி எல்லாம் சேர்த்து மொத்தம் 13,110 பவுண். அதே ஆனி மாதம், விலை கூட என்று நான் போய்ப் பார்க்காமல் விட்ட அசல் ரூரர் ஒன்று 11,500க்கு நின்றது.

இப்போது தெரிந்தவர்கள் யாராவது கார் பார்க்கப் போகும்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது தகட்டின் படத்தை. அது சரியென்றால், கேய்டனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டர் மியூசியத்தின் பழைய உற்பத்திப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் எடுத்துத் தரும்படி விற்கிறவரிடம் சொல்லச் சொல்கிறேன். எந்தத் தேதியில் கட்டினார்கள், முதல் நிறம் என்ன, எந்த எஞ்சின் எண்ணோடு போனது என்று அதில் இருக்கும். காரடியில் நேரே கீழே படுக்கிறோம், எஞ்சினைக் கடைசியில்தான் பார்க்கிறோம். குறைந்தது இரண்டு மணித்தியாலம். கூட வருகிறவர் அந்தக் காரில் ஆசை இல்லாதவராக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அன்றைக்கு ஸ்ரான்லி வீதி அண்ணையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் அவர் முற்றத்திலேயே சொல்லியிருப்பார்.

இந்த வருடம் காரை விற்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. மகன் வேண்டாம் என்றான். ஆனாலும் ஒருநாள் இது வேறு கைக்குப் போகும். அதனால் திருத்த வேலையின் எல்லாப் படங்களையும் ரசீதுகளையும் ஒரு கோப்பில் போட்டு, வி5சிக்கு மேலே ஆங்கிலத்தில் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். அதில் இருப்பது இதுதான்: "இந்தக் கார் 1967இல் இரண்டு கதவுச் சலூனாகக் கட்டப்பட்டது. கூரை பின்னர் வெட்டப்பட்டது, எப்போது யார் வெட்டினார் என்று தெரியாது. பலப்படுத்தும் தகடுகள் 2023இல் வைக்கப்பட்டன, படங்கள் உள்ளே. எஞ்சின் 1275. இதைக் கூரை வெட்டின காரின் விலைக்கு வாங்குங்கள்."